பேக்கிங்தானே என்றார்

போன வருஷம் எழும்பூரில் ஒரு சின்னக் கூட்டம். நாற்பது நாற்காலி, அதில் பாதி காலி. அறிவியலும் புனைவும் என்று தலைப்பு. நான் மதிக்கிற ஒரு மூத்த எழுத்தாளர் பேசினார். கொரோனா தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும்போது உற்சாகமாகிவிட்டார். "நாலே நாலு எழுத்துல ஒரு கடிதம் எழுதி உடம்புக்கு அனுப்பறாங்க. உடம்பு அதைப் படிச்சுட்டு வேண்டியதைத் தானே செஞ்சுக்குது. இதைவிடப் பெரிய கவிதை இருக்கா?" என்றார். கைதட்டல். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, அந்தக் கடிதம் செல்லுக்குள்ளே எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்குமே என்றேன். அவர் சிரித்தார். "அது பேக்கிங்தானே தம்பி. கொழுப்புல சுத்தி அனுப்பறாங்க. அதுல என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பதில் மேடைக்கு எதிரே வராது, ரயிலில்தான் வரும். அன்றைக்கு ஆவடி தாண்டி இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பதில் ஏறியது. திருநின்றவூரில் இறங்கும்போது உட்கார இடமில்லை.

அந்தப் பெரியவர் மேல் கோபம் இல்லை. அவர் நம் எல்லோருக்காகவும்தான் பேசினார். செய்தி உயர்ந்தது, அதைச் சுமந்துபோவது கூலி வேலை என்று நாம் முடிவுசெய்து வெகுகாலம் ஆகிறது. சுமக்கிற வேலை யாருக்கு என்றும் கூடவே முடிவுசெய்துவிட்டோம். கோபம் அந்த முடிவின் மேல்தான். ஆர்.என்.ஏ. மருந்து விஷயத்தில் அந்த முடிவுக்கு என் வீடு ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தைப் பார்ப்போம். ஆர்.என்.ஏ.வைப் போல நோஞ்சான் மூலக்கூறு குறைவு. அதைக் கத்தரிக்கும் நொதிகள் நம் தோலிலேயே இருக்கின்றன. ஆய்வகத்தில் கையுறை போடாமல் குழாயைத் தொட்டால் ஒரு வாரத்து வேலை போச்சு. இரத்தத்தில் வெறுமனே விட்டால் நிமிஷக்கணக்கில் துண்டுதுண்டாகிவிடும். தப்பித்து ஒரு செல்லின் வாசலுக்கு வந்துவிட்டது என்றே வையுங்கள். ஆர்.என்.ஏ.வின் உடம்பெல்லாம் எதிர்மின்சுமை. செல்லின் மேற்புறத்திலும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளும். நடுவே எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சவ்வு. இவ்வளவு பெரிய, தண்ணீரில் கரைகிற, மின்சுமையுள்ள பொருளை அது உள்ளே விடவே விடாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக வைரஸ்களை வாசலில் நிறுத்திப் பழகிய காவல்காரன் அது.

இதை விஞ்ஞானிகளே மறந்த ஒரு காலம் இருந்தது. 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு ஒரு ஜீனின் வாயை அடைக்கலாம் என்று ஒரு புழுவில் காட்டினார்கள். எட்டே வருஷத்தில், 2006-இல், நோபல். அதே ஆண்டு மெர்க் நிறுவனம் இந்தத் துறையிலிருந்த சர்னா என்ற சின்னக் கம்பெனியை 110 கோடி டாலருக்கு வாங்கியது. இனி எந்த நோயின் ஜீனையும் அணைத்துவிடலாம், சுவிட்ச் போல. கடிதம் எழுதத் தெரிந்துவிட்டதே!

நாலு வருஷத்தில் காற்று இறங்கியது. 2010-இல் ரோஷ் நிறுவனம் கடையைக் கட்டியது. நோவார்டிஸ் விலகியது. மெர்க் தான் வாங்கிய சர்னாவை 2014-இல் ஏறத்தாழ 17.5 கோடி டாலர் மதிப்புக்கு அல்நைலம் என்ற கம்பெனியிடம் தள்ளிவிட்டது. கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. கொண்டுபோக வண்டி இல்லை, அவ்வளவுதான். முதல் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்தான பாட்டிசிரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2018 ஆகஸ்டில். செய்தி கண்டுபிடிக்கப்பட்டு 20 வருஷம் கழித்து. அந்த 20 வருஷத்தில் பெரும்பகுதி பேக்கிங்குக்குத்தான் போனது, ஐயா.

சரி, அப்படி என்ன இருக்கிறது அந்தப் பேக்கிங்கில்?

நாலு சரக்கு. கொலஸ்ட்ரால் ஒன்று. செல் சவ்வில் இருப்பதைப் போன்ற ஒரு பாஸ்போலிப்பிட். குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பெக்-லிப்பிட், இது நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். நாலாவது, பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கதாநாயகன்: அயனியாகும் லிப்பிட். இவை நான்கையும் எத்தனாலில் கரைத்து, ஆர்.என்.ஏ.வை லேசாகப் புளித்த தண்ணீரில் கரைத்து, இரண்டையும் ஒரு மெல்லிய குழாய்ச் சந்திப்பில் வேகமாக மோதவிட வேண்டும். மில்லிசெகண்டுகளில் குமிழிகள் தாமாகவே கட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் 100 நானோமீட்டருக்குள். தலைமுடியின் குறுக்கே எண்ணூறு, ஆயிரம் குமிழிகளை வரிசையாக நிறுத்தலாம்.

சூட்சுமம் அந்த நாலாவது ஆளிடம் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு நேர்மின்சுமை வேண்டும். ஆனால் நேர்மின்சுமையோடு இரத்தத்தில் சுற்றினால் கண்டதெல்லாம் ஒட்டிக்கொள்ளும், செல்களுக்கும் நஞ்சு. ஆகவே அவன் புளிப்பில் ஒரு மாதிரியும் இரத்தத்தில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ள வேண்டும். தயாரிக்கும்போது புளித்த நீரில் மின்சுமை ஏற்றி ஆர்.என்.ஏ.வைக் கட்டிக்கொள்கிறான். பிறகு 7.4 பி.எச். உள்ள இரத்தத்தில் சுமையை இறக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலப் போகிறான். செல் அவனைச் சாப்பாடு என்று நினைத்து ஒரு பைக்குள் போட்டு விழுங்குகிறது. அந்தப் பைக்குப் பெயர் எண்டோசோம். உள்ளே வந்ததைச் செரிக்க அந்தப் பை புளிக்க ஆரம்பிக்கும். புளித்ததும் நம் ஆளுக்கு மறுபடி மின்சுமை ஏறுகிறது. பையின் சுவரைப் பிடித்துக் குலைக்கிறான். கிழிசல் வழியே ஆர்.என்.ஏ. வெளியே, செல்லுக்குள்ளே.

அதுவும் எவ்வளவு? எலியின் கல்லீரலிலும் ஆய்வகச் செல்களிலும் 2013-இல் எண்ணிப் பார்த்தார்கள். பைக்குள் போனதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வெளியே வந்தது. மற்றதெல்லாம் செரிமானம். உலகத்தின் மிகச் சிறந்த வண்டிகளில் ஒன்றின் லட்சணம் இது. நூறு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒருத்தரை இறக்கிவிடும் பஸ்ஸை வைத்துக்கொண்டு அவ்வளவு மருந்து செய்திருக்கிறார்கள் என்றால், அந்த ஒன்றை ஐந்தாக்குகிறவன் என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசியுங்கள். மருந்தின் அளவு குறையும், விலை குறையும், பக்கவிளைவு குறையும்.

இதை நான் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் ஓட்டியவர். படிப்பு எட்டாவது. நான் கஷ்டப்பட்டு அயனி, புளிப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "புரியுது. ரொம்ப டைட்டா போட்டா அங்க போய்க் கழட்ட முடியாது. லூசா போட்டா வழியிலேயே கழண்டுடும். டாலரன்ஸ் பாக்கணும், அதானே?"

அதேதான். அந்த டாலரன்ஸுக்கு வேதியியலில் பி.கே.ஏ. என்று பேர். லிப்பிட் எந்தப் புளிப்பில் பாதிக்குப் பாதி மின்சுமை ஏற்றிக்கொள்கிறது என்ற எண். அது 6.2-க்கும் 6.5-க்கும் நடுவே இருந்தால் கல்லீரலில் நன்றாக வேலை செய்கிறது என்று 2012-இல் ஒரு கட்டுரை சொன்னது. பல பத்து லிப்பிடுகளை ஒவ்வொன்றாகச் சமைத்து, எலிகளில் போட்டுப் பார்த்து, ஒரு கார்பனை அங்கே சேர்த்து இங்கே எடுத்து, கடைசியில் எம்.சி.3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் லிப்பிடில் வந்து நின்றார்கள். பாட்டிசிரானின் வண்டி அதுதான். கொரோனா தடுப்பூசிகளின் வண்டிகளும் அதே பட்டறையின் அடுத்த தலைமுறை. ஃபைசர் ஊசியின் லிப்பிட் கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸின் கூட்டாளிகள் நடத்தும் அக்யூடஸ் கம்பெனியிலிருந்து வந்தது.

எட்டாவது படித்த லேத் ஆப்பரேட்டருக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்தது மேடையில் இருப்பவர்களுக்கு ஏன் புரிவதில்லை? அவர்களுக்கு மூளை குறைவு என்று நான் சொல்லவில்லை. அப்பா வாழ்நாள் முழுக்க ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குள் சரியாகப் போய் உட்காருவதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டவர். நம் எழுத்துலகம் அந்தக் கவலையை அறிவு என்று கணக்கில் வைப்பதில்லை.

நோபல் குழுவும் வைப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். 2006-இல் செய்திக்குக் கொடுத்தார்கள். 2023-இல் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும், அதாவது மறுபடி செய்திக்கு, கொடுத்தார்கள். இருவரும் தகுதியானவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி செய்தவர்கள் பக்கம் ஸ்டாக்ஹோம் திரும்பவில்லை. நீதிமன்றம் திரும்பியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஆர்பியூட்டஸும் ஜெனிவன்ட்டும் மாடர்னா மேல் வழக்குப் போட்டன. மார்ச்சில் அல்நைலம், ஃபைசர் மேலும் மாடர்னா மேலும் போட்டது. எல்லாமே கொழுப்புக் குமிழிக்கான வழக்குகள். வெறும் பேக்கிங்குக்காக யாராவது இவ்வளவு வக்கீல் வைப்பார்களா?

இங்கே நம்மூர்ப் பெருமைக்காரர்கள் உள்ளே வருவார்கள். வரட்டும், இரண்டு வகை. முதல் வகை, "தமிழன்டா". அந்த 2012 கட்டுரையின் முதல் பெயர் முத்துசாமி ஜெயராமன். அல்நைலத்தின் வேதியியல் பிரிவைக் கட்டியெழுப்பியவர் முத்தையா மனோகரன், தமிழ்நாட்டில் படித்துவிட்டுப் போனவர். இதை நான் இங்கே எழுதியதும் யாரோ ஒருவர் படம் போட்டு வாட்ஸ்அப்பில் விடுவார் என்று எனக்குத் தெரியும். விடுங்கள். ஆனால் ஒரு கேள்வி. அவர்கள் பாஸ்டனில் செய்ததை இங்கே செய்ய முயன்றிருந்தால் நாம் என்ன கொடுத்திருப்போம்? இங்கிருந்து போன பிறகுதான் ஒருவர் நம் ஆள் ஆகிறார். இங்கேயே இருந்தால் பேக்கிங் செய்கிறவர்.

இரண்டாவது வகை இன்னும் மோசம். "நம்ம சித்தர்கள் பற்பம், செந்தூரம்னு அன்னிக்கே நானோ பண்ணிட்டாங்க." பற்பத்தில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதாக ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. நானோ என்பது ஒரு அளவு, அவ்வளவுதான். அடுப்புப் புகையிலும் நானோ இருக்கிறது. சித்த மருத்துவத்தின் நல்லது கெட்டதை அதன் தளத்தில் பேசலாம், பேச வேண்டும். ஆனால் 6.4 என்ற எண்ணுக்காகப் பத்து வருஷம் சமைத்தவர்களின் உழைப்பை "அன்னிக்கே" என்ற ஒரு சொல்லால் அழித்துவிடுவது சோம்பேறித்தனம். எதையும் செய்யாமலே செய்து முடித்துவிட்ட திருப்தியை அது கொடுக்கிறது. அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் யார் என்று கேட்பீர்கள். எம்.எஸ்சி. வேதியியல். ஒரு ஆய்வகத்தில் மூன்று வருஷம் லிப்பிட் சமைத்தேன். எந்த ஆய்வகம் என்று சொல்லப்போவதில்லை. நல்ல வழிகாட்டி, நல்ல தோழர்கள். உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மாதிரிகள் மின்வெட்டில் ஒருமுறை போயின. துகளின் அளவை அளக்கும் கருவி பழுதாகி, உதிரிப்பாகத்துக்குக் கோப்பு நகர்ந்து, அது வருவதற்குள் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. ஆய்வேட்டின் தலைப்பில் புற்றுநோய் என்ற சொல் இருந்திருந்தால் நீட்டிப்பு கிடைத்திருக்கும் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் அன்போடு சொன்னார். என் தலைப்பில் இருந்தது லிப்பிடின் வால் நீளம். வால் நீளத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெயிண்டுக்கான அக்ரிலிக் எமல்ஷன் செய்கிற ஒரு ஆலையில் தரக்கட்டுப்பாடு. விடிகாலை கம்பெனி பஸ், பெரியபாளையம் வழியாக. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் எமல்ஷன் என்ன தெரியுமா? தண்ணீரில் மிதக்கும் சின்னச் சின்ன பாலிமர் உருண்டைகள். அளவு, கிட்டத்தட்ட 100 நானோமீட்டர்! ஆமாம், அதே அளவுதான். ஆய்வகத்தில் ரிப்பேராகிக் கிடந்த அதே வகைக் கருவி, லேசர் ஒளியைச் சிதறவிட்டு அளக்கிற பெட்டி, இங்கே ஷிப்டுக்கு நாலு தடவை ஓடுகிறது. பழுதானால் மறுநாள் ஆள் வருகிறார். அளவு 110-இலிருந்து 130-க்குப் போனால் பாட்ச் நிற்கும், மேலாளர் ஓடிவருவார். ரியாக்டர் பக்கத்தில் நிற்கும் ஐ.டி.ஐ. படித்த பையன் கிளறலின் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அளவு தப்பும் என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெயிண்ட் செய்கிற ரியாக்டரில் மருந்து செய்துவிடலாம் என்று சொல்லவில்லை. மருந்துக்கு நுண்ணுயிரற்ற அறை வேண்டும், தூய்மை வேண்டும், ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஜாதகம் வேண்டும். அதைத் தெரிந்துதான் பேசுகிறேன். சுவருக்குப் பூசும் குமிழிக்குக் கிடைக்கும் மரியாதை செல்லுக்குள் போகும் குமிழிக்கு இந்த மாநிலத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் என் புகார். துகள், கலக்கல், அளவு, பரவல் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. நாங்கள் அவர்களை மூளை என்று நினைக்கவே இல்லை. (நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் முதல் ஆறு மாதம் அந்தப் பையன் சொன்னதைக் கேட்கவில்லை.)

2021-இன் தொடக்கத்தில் உலகமே தடுப்பூசிக்கு அடித்துக்கொண்டபோது உற்பத்தியின் கழுத்தைப் பிடித்த தட்டுப்பாடுகளில் ஒன்று லிப்பிட். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள்தான் அதை மருந்துத் தரத்தில் செய்தன. கலக்குகிற கருவி இன்னொன்று. ஃபைசர் நாணயம் அளவுள்ள கலப்பிகளைப் பக்கம்பக்கமாக அடுக்கித்தான் கோடிக்கணக்கில் செய்தது. கடிதத்தின் வாசகம் அதற்குள் உலகத்துக்கே தெரிந்திருந்தது. கேப் டவுனில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அஃப்ரிஜென் என்ற சின்ன நிறுவனம் மாடர்னாவின் வரிசையை வைத்து, மாடர்னாவின் உதவி இல்லாமலே, 2022-இல் ஆய்வக அளவில் ஊசியைச் செய்து காட்டியது. தென்னாப்பிரிக்கா ஒன்றும் நம்மைவிடப் பணக்கார விஞ்ஞான தேசம் இல்லை.

இந்தியாவில் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. புனேவின் ஜெனோவா 2022 ஜூனில் அனுமதி பெற்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரில் நிற்கக்கூடியது. ஃபைசர் ஊசிக்கு மைனஸ் 70 டிகிரி வேண்டியிருந்த காலத்தில் அது பெரிய விஷயம். அங்கேயும் சண்டை வண்டிக்குத்தான் வந்தது. சியாட்டிலின் எச்.டி.டி. பயோ தன் தொழில்நுட்பம் திருடப்பட்டதாக 2022-இல் ஜெனோவாவின் தாய் நிறுவனம் மேல் வழக்குப் போட்டது, நிறுவனம் மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது என் வேலை இல்லை. ஊசி வந்தபோது வரிசையில் நிற்க ஆளில்லை என்பது மட்டும் தெரியும். வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் லிப்பிட் நானோதுகள்களுக்காக ஒரு குழு உட்கார்ந்து வேலை செய்கிறது. எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கின்றன? பாஸ்டன் ஆட்களுக்குப் படம் போடுகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

செங்கல்பட்டுக்கு வருவோம். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. திருமணியில் 100 ஏக்கர். ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-இல் ஒன்றிய அரசு ஒப்புதல், அப்போதைய மதிப்பீடு 594 கோடி. கட்டினார்கள், இயந்திரங்களை இறக்கினார்கள். 2021-இல் பிணங்கள் வரிசையில் கிடந்த அந்த மே மாதத்தில் அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. பதவியேற்ற மூன்றே வாரத்தில் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். குத்தகைக்குக் கொடுங்கள், மாநிலம் நடத்துகிறது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுபடி, கடிதம்! அலை ஓய்ந்ததும் கேட்பதும் ஓய்ந்தது. ஒன்றியம் கொடுக்கவில்லை என்பது உண்மை. கொடுத்திருந்தால் உள்ளே என்ன செய்வோம், லிப்பிட் யார் செய்வது, எந்தக் கல்லூரியிலிருந்து ஆள் எடுப்பது என்று இங்கே ஒரு பொது விவாதமாவது நடந்ததா? கட்டடம் யாருடையது என்பதோடு நம் அரசியல் முடிந்துவிட்டது.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. கொண்டுசேர்ப்பதுதான் மருத்துவம் என்பதை இந்தியாவிலேயே நன்றாகப் புரிந்துகொண்ட மாநிலம் இது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. மொத்தமாக வாங்கி, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுத்து, மருந்து அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்தது. அந்த முறையைப் பார்த்துவிட்டு மற்ற மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அதை யாராவது பேக்கிங் என்பார்களா? மேடையில் எல்லோரும் அதற்குப் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். கிடங்கிலிருந்து வீட்டு வாசல்வரை வந்த அந்த அக்கறை, வாசலிலிருந்து செல்லின் வாசலுக்கு ஏன் போகவில்லை? கடைசி 100 நானோமீட்டரில் நாம் ஏன் வெளிநாட்டு லாரிக்காகக் காத்திருக்கிறோம்?

இப்போது அப்பா. இரண்டு வருஷம் முன்னால் அட்டாக். இரண்டு ஸ்டென்ட். மாத்திரை கொடுத்தார்கள், ஆனால் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை. தொடையில் வலி. வலி வந்ததும் சொல்லாமல் நிறுத்திவிடுவார், நாங்கள் கண்டுபிடித்துத் திட்டுவோம், மறுபடி ஆரம்பிப்பார். டாக்டர் ஒருநாள் சொன்னார்: "ஒரு ஊசி இருக்கு. முதல் ஊசி, மூணு மாசத்துல ரெண்டாவது, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணுதான். எல்.டி.எல். பாதியாக் குறையும். விலைதான்…" ஒரு ஊசி ஒரு லட்சத்துக்கு மேல்.

பேர் இன்க்லிசிரான். நான் அந்த அறையிலேயே சிரித்துவிட்டேன், டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். அது அல்நைலத்தில் பிறந்தது. அந்த மனோகரன் கட்டிய வேதியியலின் குழந்தை. கை மாறிக் கை மாறி, அதை வைத்திருந்த கம்பெனியையே 970 கோடி டாலருக்கு நோவார்டிஸ் வாங்கியது. இதில் கொழுப்புக் குமிழிகூடக் கிடையாது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளையே வேதியியலால் கெட்டிப்படுத்தி, அதன் வாலில் காலக்டோஸ் குடும்பத்துச் சர்க்கரை மூன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கல்லீரல் செல்லுக்கு அந்தச் சர்க்கரையைப் பார்த்தால் கை நீட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம். கடிதத்தையே உறையாகச் செய்துவிட்டார்கள். ஒன்றரை மில்லி திரவத்தில் 284 மில்லிகிராம் மருந்து. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அரை ஸ்பூன்கூட இல்லையே" என்றார்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஸ்டாட்டின் மலிவு, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், முதலில் அதை எல்லோருக்கும் ஒழுங்காகக் கொடு, பிறகு லட்ச ரூபாய் ஊசியைப் பற்றிப் பேசு. இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஒரு சுகாதாரச் செயலாளராக நான் இருந்தால் நானும் அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதுவேன். ஆனால் வருஷத்துக்கு 365 மாத்திரை விழுங்க முடியாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், என் அப்பாவைப் போல. வருஷத்துக்கு இரண்டு ஊசி என்பது கிராம சுகாதார செவிலியருக்காகவே அளந்து தைத்த சட்டை. அது பணக்காரர்களின் சட்டையாக இருப்பதற்குக் காரணம் மூலக்கூறு இல்லை. அதைச் செய்யும் அறிவு யார் கையில், எந்தக் காப்புரிமையில் இருக்கிறது என்பதுதான். காப்புரிமை ஒருநாள் முடியும். அன்றைக்கு அதை இங்கே செய்ய, கிலோக்கணக்கில் கட்டிப்பார்த்த கைகள் வேண்டும். அந்தக் கைகளை இன்றைக்கே பழக்க வேண்டும். வால் நீளத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு கதை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்கள் இன்னும் தின்னனூர் என்றுதான் சொல்வார்கள். பூசலார் நாயனாரின் ஊர். மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ ராஜா கற்கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அன்றைக்கு நின்றவூரில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்று சிவன் கனவில் வந்து சொன்னாராம். இங்கே இருக்கும் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். அப்பா திங்கள்கிழமை தவறாமல் போகிறார்.

நம் ஆட்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள்? கல்லும் மண்ணும் பெரிதில்லை, எண்ணம்தான் பெரிது என்று. செய்தி உசத்தி, பேக்கிங் மட்டம். சேக்கிழாரைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அங்கே வேறு ஒன்று இருக்கிறது. பூசலார் முதலில் நிஜக் கோயில் கட்டத்தான் ஆசைப்பட்டார். பணம் தேடி அலைந்தார். ஒரு காசு பெயரவில்லை. அப்புறம்தான் மனசு. அந்த மனசுக்குள்ளும் அவர் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை. சாமான் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நாள் பார்க்கிறார், அஸ்திவாரம் போடுகிறார், ராத்திரி தூங்காமல் வேலை பார்க்கிறார், சுதை பூசுகிறார், கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் தோண்டுகிறார். கற்பனையில்கூடச் சுண்ணாம்பை விடாத மனுஷன். செங்கல்பட்டில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ்: கட்டடம் எழுந்தது, உள்ளே யாரும் எழுந்தருளவில்லை.

பூசலாருக்கு அன்றைக்கு யாராவது பணம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "கதை இருந்திருக்காது. கோயில் இருந்திருக்கும்" என்றார். பிறகு, "அந்த ஊசி விலை எறங்குச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த மூத்த எழுத்தாளர் இந்த இதழைப் படிப்பவர்தான். அவருக்கு ஒரு அழைப்பு. ஐயா, ஒருநாள் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். கேட்டில் நான் சொல்லிவைக்கிறேன். ரியாக்டர் பக்கத்தில் நிற்கும் பையனையும் அந்த லேசர் பெட்டியையும் காட்டுகிறேன். குமிழியின் அளவு திரையில் எண்ணாக வந்து நிற்கும்வரை அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்கள் ஒரு நல்ல வரிக்காகக் காத்திருப்பீர்களே, அப்படி. பஸ் திருநின்றவூரில் காலை 5.50-க்கு. செருப்பு போட்டு வராதீர்கள், ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.